கண் களிம்பு

அந்தக் குப்பியை எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருஷம், மஞ்சக்குப்பம் கால்நடை மருத்துவமனையில்
ரப்பர் மூடியைத் துடைத்து
ஊசியில் ஏற்றிக் கொடுத்தவன் நான்.
கருத்தடைக்கு வந்த தெருநாய்கள்,
லாரியில் அடிபட்ட குரங்கு,
ஒருமுறை சிதம்பரம் ரோட்டிலிருந்து ஒரு கல்யாணக் குதிரை.
கெட்டமின் ஏறினால் உடம்பு தூங்கும்,
கண் தூங்காது.
திறந்த விழி உலராமலிருக்கக்
களிம்பு தடவுவது என் வேலை.
தடவும்போது நினைப்பேன்:
இது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

இப்போது புதுச்சேரியில், இரண்டாம் மாடியில்,
அதே பெயர், என் கைக்கு.

காரணம் கேட்டார்கள்.
தானே புயலுக்குப் பிறகு
செத்த மாடுகளுக்கு நிவாரணச் சான்று எழுதியதைச் சொன்னேன்.
நிறம் செவலை, விரிகொம்பு, ஈற்று மூன்று.
கேட்டவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே.
உண்மையில் காரணம் என்று ஒன்றில்லை.
ஒரு சித்திரையில் குளிக்கப் போனவன்
வாளி நிரம்பி வழிவதைப் பார்த்தபடி
மத்தியானம் வரை நின்றுவிட்டேன்.
அவ்வளவுதான்.
நான்கு முறை மாத்திரை மாற்றினார்கள்.
வாய் உலர்ந்தது, எடை ஏறியது,
வாளி வழிந்தபடியே இருந்தது.

கடலூர்க்காரன் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால்
ஊர் ஒரே அர்த்தம்தான் எடுக்கும்.
"காலையிலேயேவா?" என்றார் கண்டக்டர்.
ஜன்னலோரம் தையல்நாயகியைப் பார்த்ததும்
வாயை மூடிக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.
கன்னியக்கோயிலில் பாதி பஸ் இறங்கியது,
மறப்பதற்கு.
நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

நாற்பது நிமிஷம் சொட்டும்.
சிஸ்டர் லூர்து நாற்காலியை இழுத்துப் போட்டு
"இங்கதான் இருக்கேன், போயிட்டு வாங்க" என்றார்,
கடைக்குக் கிளம்புகிறவனிடம் சொல்வதைப் போல.

முதலில் கால்கள் என்னை விட்டுவிட்டுத்
தேவனாம்பட்டினம் பக்கம் நடந்தன.
பிறகு மின்விசிறியின் சத்தம் நிறமாகி,
நிறம் எடையாகி,
எழுதத் தெரியவில்லை, விடுகிறேன்.
சாய்ந்து கிடந்த முந்திரி மரங்களுக்கு நடுவில்
ஒரு செவலைப் பசு,
அட்டையும் பேனாவுமாக.
என்னைப் பார்த்துப் பார்த்து எழுதியது:
ஆண். வயது ஐம்பத்திரண்டு.
அடையாளம், இடது முழங்கையில் நாய்க்கடித் தழும்பு.
இறப்புக்கான காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும்
நிமிர்ந்தது.
வெகுநேரம் பார்த்தது.
கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு
மேயப் போனது.

முழித்தபோது,
இல்லை, முழித்தேதான் இருந்தேன்,
சிஸ்டர் என் கன்னத்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ஆல்பேட்டை சோதனைச் சாவடி.
பையைக் கிளறிய ஏட்டு
என் கண்ணைப் பார்த்துவிட்டு
"எத்தனை பாட்டில்?" என்றார்.
"பாட்டில் இல்ல சார்," என்றாள் தையல்நாயகி,
"ஆளக் கொண்டுட்டுப் போறேன்."

மூன்றாம் ஊசிக்குப் பின் ஒரு புதன்கிழமை
"சுறாப்புட்டுல உப்பே இல்ல" என்றேன்.
கரண்டியோடு அப்படியே நின்றாள்.
இரண்டு வருஷத்தில்
நான் குறை சொன்ன முதல் சாப்பாடு.
உப்பு எடுக்க உள்ளே போனவள்
வர நேரமானது.

பதினோராம் நாள் வாளி மறுபடி வழிந்தது.
மறுபடி பஸ். மறுபடி கன்னியக்கோயில்.
குணமாகிவிடுமா என்று மச்சான் கேட்கிறான்.
எங்கள் துறையில் அந்த வார்த்தையே கிடையாது.
தீனி எடுக்குதா, அசை போடுதா,
அதைத்தான் கேட்போம்.
எடுக்கிறது.

திங்களன்று மேசையில் ஒரு கறுப்பு நாய்,
நாக்கு வெளியே, கண் அகலத் திறந்து
எங்கேயோ.
களிம்பு தடவிவிட்டுக்
காதோரம் குனிந்து ஒரு வார்த்தை சொன்னேன்.
"யார்கிட்ட பேசறீங்க?" என்றார் புது டாக்டர்.
"கண்ணு காயுது சார்" என்றேன்.